மொண்டிசோரி டீச்சருக்கு எதற்குப் பட்டம்?

உயர்தரம் எழுதிய பிள்ளையொன்று முன்பள்ளிக் கல்வியில் பட்டம் படிக்கப் போவதாகச் சொன்னால் நம்மூரில் உடனே வரும் கேள்வி: "நேசரிப் பிள்ளைகளைப் பார்க்கவும் கெம்பஸ் போகணுமா?"

நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'மொண்டிசோரி' ஒரு பெண்ணின் பெயர். மரியா மொண்டிசோரி 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். (அன்றைய இத்தாலியில் ஒரு பெண்ணுக்கு அது லேசுப்பட்ட காரியமல்ல.) கற்பதில் பின்தங்கிய பிள்ளைகளோடு வேலை செய்தபோது, மருத்துவம் மட்டும் போதாது என்று கண்டார். டாக்டராக இருந்துகொண்டே, 1900களின் தொடக்கத்தில் அதே பல்கலைக்கழகத்துக்கு மீண்டும் மாணவியாகப் போய் மெய்யியலும் உளவியலும் படித்தார். அதன் பிறகுதான், 1907இல், சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதலாவது 'சிறுவர் இல்லம்' திறந்தார்.

1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர் யுத்தத்தால் ஊர் திரும்ப முடியாமல் தங்கிவிட்டார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

அவர் பெயரைப் போர்டில் எழுதிக்கொண்ட நாம், டீச்சர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்பதில்லை. மாதக் கட்டணத்தைத்தான் கேட்கிறோம். முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளைகளில் சிலர் பென்சிலைக் கண்டதும் கையைப் பின்னால் ஒளிப்பதை நாங்கள் வருடா வருடம் பார்க்கிறோம். மூன்று வயதிலேயே எழுத வைத்து வெருட்டப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.