கேன்சர் மருந்து குழந்தையோட மூட்டுக்கு வந்த கதை

காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. ஏழு வயசு மகளுக்கு மூட்டுவாதம். டாக்டர் எழுதிக் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட்டை கூகுள்ல தேடினா கேன்சர் மருந்துன்னு வருது, பிள்ளைக்குக் கொடுக்கலாமான்னு கேட்டாங்க. நான் டாக்டர் இல்ல. ஆனா அந்த மருந்தோட வரலாற்றைப் பார்த்தா பயம் எங்க தேவை, எங்க தேவையில்லைன்னு புரியும்.

கதை சென்னையில தொடங்குது. எல்லாப்ரகடா சுப்பாராவ், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் மாணவர். காந்தியோட அழைப்பை ஏற்று கதர் உடுத்தினார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கல. எம்.பி.பி.எஸ். கிடைக்காம எல்.எம்.எஸ். சான்றிதழோட வெளிய வந்தார். காந்திக்குக் கோயில் கட்டின கே.கே.பட்டிக்காரங்களுக்கு இது சுருக்குன்னு தைக்கும்.

1920களில் அமெரிக்கா போனவர், 1940களில் லெடர்லே ஆய்வகத்தில் ஒரு குழுவை வழிநடத்தினார். அந்தக் குழு முதல்ல ஃபோலிக் அமிலத்தைத் தயாரிச்சது. அப்புறம், அதே மாதிரி இருந்துகிட்டு அதோட வேலையைத் தடுக்கிற அமினோப்டெரின், மெத்தோட்ரெக்ஸேட் வந்தது. செல் பெருக ஃபோலேட் வேணும். அதைத் தடுத்தா வேகமா பெருகுற கேன்சர் செல் திணறும். 1948ல் பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்த முடிவை வெளியிட்டார். 10 பேருக்கு நோய் தற்காலிகமா அடங்குச்சு. அதே வருஷம் சுப்பாராவ் இறந்துட்டார்.

1951லேயே அமினோப்டெரின் மூட்டுவாதத்தைத் தணிக்குதுன்னு தெரிஞ்சது. ஆனா அப்போ எல்லார் கண்ணும் கார்டிசோன் மேல. அந்த வகை மருந்தை ரொம்ப நாள் கொடுத்தா குழந்தையோட வளர்ச்சி குன்றும், எலும்பு மெலியும். 1992ல் அமெரிக்கா, சோவியத் குழந்தைகள் 127 பேரை வெச்சு நடந்த ஆய்வு முடிவு வந்தது. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராம், வாரத்துக்கு ஒரு தடவை. 63 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 36 சதவீதம்தான்.

கேன்சருக்குக் கொடுக்கிற அளவு இதைவிடப் பல மடங்கு பெருசா இருக்கும். அதுக்காக இது சாதாரண மாத்திரைன்னு நினைக்கக் கூடாது. கல்லீரல், ரத்த அணுக்களுக்கு அடிக்கடி டெஸ்ட் வேணும். உயிருள்ள கிருமித் தடுப்பூசி எதுவும் டாக்டரைக் கேட்காம போடக்கூடாது. 1999ல் குழந்தைகளுக்கும் அனுமதி கிடைச்ச எடானெர்செப்ட் மாதிரி ஊசிகள், உடம்புல தூங்குற காசநோயை எழுப்பலாம். காசநோய் அதிகமா இருக்கிற நம்ம நாட்டுல அந்தப் பரிசோதனை முதல்ல. மருந்தே இல்லாம விட்டா மூட்டு கோணலாகும், சில குழந்தைகளுக்குக் கண்பார்வையும் போகலாம்.

முக்கியமானது ஒண்ணு: வாரத்துக்கு ஒருநாள் மாத்திரையைத் தினமும் கொடுத்தா உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமைன்னு சீட்டுல எழுதி வாங்குங்க. அதை வீட்டுக் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க.