கலப்பு என்னும் பெயர் தாங்கிய கைத்திறன்

பிறரை இழித்துரைக்க வழங்கும் ஒரு சொல்லைத் தம் கைப்பொருளுக்குத் தாமே விரும்பிச் சூட்டுவார் உண்டோ? சூட்டிய இருவரை நாம் அறிவோம். இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த நியூ மில்டன் என்னும் சிற்றூரில் மோட்டார் சைக்கிள் அமைத்து விற்ற டெரெக் ரிக்மன், டான் ரிக்மன் என்னும் உடன்பிறந்தோரே அவ்விருவர்.

அவர்களுடைய தந்தையார் பந்தய வீரர். மைந்தர் இருவரும் மேடுபள்ளமான மண்தரையில் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயத்தில் பெயர் பெற்றனர். பெரிய ஆலைகள் விற்ற வண்டி ஒவ்வொன்றிலும் ஒரு நிறையும் ஒரு குறையும் இருக்கக் கண்டனர். எனவே டிரையம்ஃப் எஞ்சின், பி.எஸ்.ஏ. கியர் பாக்ஸ், நார்ட்டன் முன் ஃபோர்க் என நல்லவற்றை மட்டும் தேர்ந்து, 1960ஆம் ஆண்டையொட்டித் தமக்கென ஒரு வண்டியை அமைத்தனர். பல குலத்து உறுப்புகள் கூடிய அவ்வண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘மெத்தீஸ்’. கலப்பினப் பெண்ணைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. ‘கலத்தல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வேரில் பிறந்தது. இன்ன இனமென்று சொல்லவியலாத நாயை ஆங்கிலேயர் ஏளனமாகச் சுட்டுவரே, அந்தக் கருத்தில்தான் சகோதரர்கள் அதனை எடுத்தாண்டனர்.

அதுவரை ஃபிரேம் மட்டும் பிறர் செய்ததாக இருந்தது. 1962இல் அதனையும் தாமே செய்யத் தொடங்கினர். எஞ்சின் ஆற்றலைத் தரும். அவ்வாற்றலை நிலைபிறழாமல் நிலத்தில் செலுத்துவது ஃபிரேமே அன்றோ? ‘ரெய்னால்ட்ஸ் 531’ என்னும் உயர்ந்த எஃகுக் குழாய்களை வெண்கலப் பற்றவைப்பால் இணைத்து, நிக்கல் முலாம் பூசினர். அக்குழாய்களுக்குள்ளேயே எஞ்சின் எண்ணெயை நிறைத்ததால் தனித்தொட்டி தேவைப்படவில்லை, சுமையும் குறைந்தது.

இத்தகைய வேலைப்பாட்டைப் பெரிய ஆலைகள் வரவேற்றனவா? இல்லை. எஞ்சினைக்கூட அவர்களுக்கு விற்க மறுத்தன. சகோதரர்கள் சோர்ந்துவிடவில்லை. ஃபிரேமையும் பிற உறுப்புகளையும் தொகுதியாக விற்றனர்; வாங்குவோர் தத்தம் எஞ்சினைப் பொருத்திக் கொண்டனர். கதவடைப்பே தொழிலுக்கு வழியாயிற்று. அமெரிக்கத் திரைநடிகர் ஸ்டீவ் மெக்குவீன் பாலைவனத்தில் ஓட்டியது மெத்தீஸ் வண்டியே. லாக்ஹீட் நிறுவனத்துடன் சேர்ந்து முன்சக்கரத்திற்கு டிஸ்க் பிரேக் பொருத்திய முன்னோடிகளுள்ளும் இவர்கள் உளர். 1974இல் ஏற்றுமதிக்கான அரசியின் விருது அவ்வூர்ப் பட்டறையைத் தேடி வந்தது.

நம் நாட்டோடு தொடர்புடைய செய்தியும் ஒன்றுண்டு. 1955இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்து வந்ததைப் பலரும் அறிவர். அதனோடு தொடர்புடைய இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு 1970 வாக்கில் மூடப்பட்டபோது, அமெரிக்காவுக்கெனச் செய்த இன்டர்செப்டர் எஞ்சின்கள் நூற்றுக்கு மேற்பட்டவை கேட்பாரற்று நின்றன. அவற்றை ஏற்றுத் தம் ஃபிரேமில் பொருத்தி உயிரளித்தவர்கள் ரிக்மன் சகோதரர்கள். ஒருகாலத்தில் எஞ்சின் கிட்டாமல் தவித்தவர்களின் கையிலேயே, ஆதரவற்ற எஞ்சின்கள் அடைக்கலம் புகுந்தன!

பின்னர் ஜப்பானிய வண்டிகள் வந்தன. வலிய எஞ்சின், அதற்கு ஈடுகொடாத ஃபிரேம் என்ற நிலை இருந்தவரை ஹோண்டா, கவாசாகி எஞ்சின்களுக்கு ரிக்மன் ஃபிரேம்கள் விலைபோயின. ஜப்பானியர் ஃபிரேமையும் செம்மைப்படுத்திய பிறகு அந்த வாணிகம் தேய்ந்தது. 1980களில் நிறுவனம் கார்த் தொகுதிகளுக்கு மாறியது. பிறர் விட்ட குறையை நிரப்பி வாழும் தொழில், அக்குறை தீரும் நாளில் வேறு வழி தேடியே ஆகவேண்டும். குடும்பத் தொழில் நடத்துவோர் கருத்திற்கொள்ள வேண்டிய உண்மை இது.

ஆயினும் அவர்களுடைய வேலைப்பாடு பொய்க்கவில்லை. மறுத்த ஆலைகளுள் பல மறைந்தன. மெத்தீஸ் வண்டிகளை இன்றும் போற்றி வைத்திருப்போர் உளர். குலம் கேட்டு மதிப்பிடும் உலகில், கலப்பு என்னும் பெயரை வெட்கமின்றிப் பொறித்துக்கொண்டு, செய்நேர்த்தியையே தம் குலச்சான்றாகக் காட்டிய அவ்விரு சகோதரர்களை நாம் மதிப்போடு நினைக்கிறோம்.