டிவோலி பூங்கா, கோபன்ஹேகன்

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டி, சுமார் 8 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ள கேளிக்கைப் பூங்கா டிவோலி. 1843 ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்டது. இன்றும் இயங்கிவரும் மிகப் பழைய கேளிக்கைப் பூங்காக்களில் இதுவும் ஒன்று.

இதை நிறுவியவர் கேயோர்க் கார்ஸ்டென்சன். மக்கள் மகிழ்ச்சியாகப் பொழுதுபோக்கினால் அரசியலில் தலையிட மாட்டார்கள் என்று சொல்லி, மன்னர் எட்டாம் கிறிஸ்டியனிடம் அவர் அனுமதி பெற்றதாகக் கூறுவர். கிடைத்த இடமோ நகரக் கோட்டைக்கு வெளியே இருந்த ராணுவ நிலம். போர் வந்தால் உடனே அகற்ற வேண்டியிருக்கும் என்பதால் தொடக்கக் கட்டடங்கள் மரத்தாலேயே எழுப்பப்பட்டன. பூங்காவின் ஏரி அன்றைய கோட்டை அகழியின் எச்சம். முதல் இசை இயக்குநர் எச். சி. லும்பியே. 1844-இல் தொடங்கிய சிறுவர் காவல் படை இன்றும் வாத்தியம் முழங்க அணிவகுத்து வருகிறது.

டிவோலியின் தனி அழகு அதன் ஊமைக்கூத்து அரங்கு. வில்ஹெல்ம் டாலெரூப் வடிவமைத்து 1874-இல் திறக்கப்பட்டது. மேடையை மறைத்து நிற்பது விரித்த மயில்தோகை. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் தோகை இரு பக்கமும் மடங்கிச் சரிய, மயிலும் கீழே இறங்கி மறைகிறது. இதை இயக்குவது மின்பொறி அல்ல, ஆட்களின் கைகள்தாம். பார்வையாளர்கள் திறந்தவெளியில் இருந்தபடியே ஹார்லெக்வின், கொலம்பைன், பியெரோ கதைகளைப் பார்க்கிறார்கள்.

1914-ஆம் ஆண்டின் மர ரோலர் கோஸ்டரான ‘ருட்ஷபேனன்’, மனிதக் கையால் இயக்கும் அதே மரபின் இன்னொரு சின்னம். செயற்கை மலைகளுக்குள் புகுந்து ஓடும் ஒவ்வொரு வண்டித்தொடரிலும் பிரேக் பிடிக்கும் ஊழியர் ஒருவர் அமர்ந்திருப்பார். இறக்கத்திலும் வளைவிலும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அவர் பிடிக்கும் பிரேக்தான். உலகில் இப்படி ஓடும் ரோலர் கோஸ்டர்கள் இப்போது மிகச் சில. பழுதுபார்க்கக் கூடுதல் உழைப்பு தேவைப்பட்டும் இதைக் கைவிடாதது பாராட்டத்தக்கது.

1944 ஜூனில் நாஜி ஆதரவு டேனியப் படையினர் குண்டு வைத்ததில் இசையரங்கு உட்படப் பல கட்டடங்கள் அழிந்தன. சில வாரங்களிலேயே பூங்கா மீண்டும் திறந்தது. புதிய இசையரங்கு 1956-இல் வந்தது. இதற்கிடையே 1951-இல் வால்ட் டிஸ்னி இங்கு வந்து பார்த்தார். அதன் பிறகு, 1955-இல், அவருடைய டிஸ்னிலேண்ட் பூங்கா திறக்கப்பட்டது. 2004-இல் ‘டெமோனன்’ என்னும் எஃகு ரோலர் கோஸ்டரும், 2006-இல் 80 மீட்டர் உயர ஊஞ்சல் ராட்டினமும் சேர்ந்தன. கோடைக்கு மட்டுமே திறந்துவந்த பூங்கா, 1994 முதல் கிறிஸ்துமஸ் காலத்திலும் இயங்குகிறது.