வாசக்காலை அளந்தவர்கள்

நோயாலோ விபத்தாலோ முடங்கியவர்களை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி என்ற எங்கள் தொழிலுக்கு அமைப்பு கண்ட கூட்டம் 1917 மார்ச்சில் நடந்தது. அங்கே கூடிய ஆறு பேரில் இருவர் கட்டடக் கலைஞர்கள். மாணவியாக இருந்தபோது இதைப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. வேலைக்கு வந்து, நோயாளிகளின் வீடுகளுக்கு இன்ச் டேப்போடு போகத் தொடங்கிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

கூட்டம் நடந்தது நியூயார்க் மாநிலத்தில், கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில். அழைத்தவர் ஜார்ஜ் பார்ட்டன். கட்டடக் கலைஞரான அவரைக் காசநோய் வாட்டியது. பிறகு இடப்பக்கம் செயலிழந்தது. தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்தே உடம்பை மீட்டுக்கொண்டவர் அவர். இன்னொரு கட்டடக் கலைஞரான தாமஸ் கிட்னர், முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களைத் தொழிலுக்குத் திருப்பும் பணியைக் கனடாவில் கவனித்தவர். உடம்பை மட்டும் பார்க்காமல் அது புழங்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு அங்கிருந்தே வந்தது என்று நான் நினைக்கிறேன்.

நாங்கள் அன்றாடம் கையாளும் மடக்கும் சக்கர நாற்காலி வந்தது 1933-ல். சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற பொறியாளரும் அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் காரில் மடக்கி வைப்பதற்காக அதைச் செய்தார்கள். நம் மருத்துவமனைகளில் இன்றும் நிற்கும் நாற்காலி அந்த வடிவத்தின் வாரிசுதான். காரும் சமதளமும் உள்ள ஊருக்கென்று பிறந்தது, மண் தெருவுக்கும் உயரமான படிக்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

இந்தியாவில் எங்கள் தொழிலுக்கு வித்திட்டவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1952-ல் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

தமிழ்நாட்டில் இந்தக் கதை வேலூரில் தொடங்குகிறது. பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். நிமிர்ந்த கைக்கு வேலை வேண்டுமே! 1951-ல் அங்கே நவஜீவ நிலையம் எழுந்தது. உணர்ச்சியற்ற கைகளைக் காயப்படுத்தாதபடி மாற்றியமைத்த கருவிகளைக் கொண்டு தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுத் தந்தார்கள். என்னைக் கேட்டால், நம் மண்ணில் எங்கள் தொழிலின் முதல் பட்டறை அதுதான்.

பால் பிராண்டு பணியாற்றிய மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ். கேரளத்துப் பெண். 1954-ல் ஒரு வாகன விபத்து அவருடைய இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் செய்துவிட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றுக்கொண்டார். அறுவை மேஜையில் நோயாளியின் கை நீட்டிக் கிடக்க, மருத்துவர் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை அது. அவருக்கேற்ற வேலையைத் தேர்ந்ததும் அந்த வேலைக்கு இடத்தைப் பொருத்தியதும் ஆக்குபேஷனல் தெரபியன்றி வேறென்ன? பின்னர் ஆஸ்திரேலியாவிலும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்திலும் பயின்று திரும்பி, 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்க வழிசெய்தார். முதுகெலும்பு முறிந்தவர்களைத் தங்கவைத்துப் பழக்கும் நிலையங்களில் நாட்டுக்கே முன்னோடி அது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

முதுகெலும்பு முறிந்து என்னிடம் வந்தவர்களில் பலர் மரத்திலிருந்து விழுந்தவர்கள். ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர் ஒருவரும் அப்படித்தான், தென்னையிலிருந்து விழுந்தார். இடுப்பு அகலம் பதினான்கு அங்குலம்தான். ஒரு முகாமில் அவருக்குக் கொடுத்ததோ பதினெட்டு அங்குல இருக்கை. அதில் ஒரு பக்கமாகச் சரிந்தே உட்காருவார். சரிந்த பக்கம் புட்டத்தில் படுக்கைப்புண் விழுந்துவிட்டது. சக்கரங்களோடு சேர்த்தால் நாற்காலி இருபத்தாறு அங்குலம் தாண்டும். வீட்டு வாசலே இருபத்தாறுதான். ஆகவே நாற்காலி திண்ணையோரம் நின்றது, அவர் உள்ளே பாயில் கிடந்தார்.

வாசலைக் கொஞ்சம் செதுக்கலாமா என்று கேட்டேன். "வாசக்கால் மேல மட்டும் கைய வெக்காத கண்ணு" என்றார் அவருடைய அம்மா. நல்ல நாள் பார்த்து, நவதானியமும் காசும் வைத்துப் பூசை போட்டு நிறுத்திய வாசக்கால். அந்த அம்மாவின் மனத்தை மிதித்துக்கொண்டு போடும் பாதையில் எந்தச் சக்கரமும் நல்லபடியாக உருளாது. பதினாறு அங்குல இருக்கையுள்ள நாற்காலிக்கு எழுதினோம். அது இருபத்துநான்கு அங்குலத்துக்குள் அடங்கிற்று. உடம்புக்கும் பொருந்தியது, வாசலிலும் நுழைந்தது. நிலைப்படியின் இருபுறமும் ஆசாரி மரத்தில் சரிவு அடித்துக் கொடுத்தார். தெருவிலிருந்து வீடு ஓர் அடி உயரம். அதற்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். முன்பக்கம் அவ்வளவு இடமில்லை, கொல்லைப்புறச் சுவரையொட்டிப் போட்டோம்.

அடுத்தது தறி. குழித்தறியில் மிதிப்பதற்குக் கால் வேண்டும், அது அவருக்கு இனி ஆகாது. ராட்டையை மேசை உயரத்துக்கு ஏற்றிவைத்ததும் தார் சுற்ற ஆரம்பித்தார். மனைவி தறியில் உட்கார்ந்தார். வீட்டில் மறுபடி கூலி வந்தது. புண் ஆறியதைவிட அவர் முகத்தை மாற்றியது அந்தக் கூலிதான்.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் சக்கர நாற்காலி வழங்குவதற்கு எட்டுப் படிகள் வகுத்தது. ஆளையும் அவர் வாழும் இடத்தையும் ஆராய்வது இரண்டாவது படி; பழக்குவதும் பின்தொடர்வதும் கடைசி இரண்டு. நம் முகாம்கள் பலவற்றில் நடப்பது பெயரைக் கூப்பிட்டு, படம் பிடித்து, வண்டியேற்றி அனுப்புவது. கொடுக்கும் மனசை நான் குறை சொல்லவில்லை. அளக்காமல் கொடுத்த நாற்காலி ஆளைப் புண்ணாக்கும் என்பதைக் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

பொது இடங்களின் கதவுகளைத் திறந்தது எங்கள் தொழில் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டமும் 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களுடைய போராட்டத்தால் வந்தவை. 2022 நவம்பரில் மெரினாவில் கடலருகே மரப்பாதை திறந்ததும் அவர்கள் விடாமல் கேட்டதால்தான். அந்தப் பாதை மறு மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது; பிறகு சீராக்கினார்கள். பொது இடத்தில் அவர்கள் முன்னே நடந்தார்கள். வீட்டுக்குள் இன்ச் டேப் பிடிக்க வேண்டியவர்கள் நாங்கள்.

சக்கர நாற்காலி வாங்க முகாமுக்குப் போகிறவர்களின் குடும்பத்தாருக்கு ஒன்று சொல்வேன். உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம், புட்டத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம், வீட்டு வாசலின் அகலம், கழிவறைக் கதவின் அகலம் ஆகியவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அளந்து கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அரசு ஒவ்வொரு முகாமிலும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டை உட்கார வைக்கட்டும்.