மின்னலில் வடித்த உரம்

1903 பிப்ரவரி 6. இன்று ஓஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியாவில், பல்கலைக்கழக மண்டபம் நிரம்பி வழிந்தது. பேராசிரியர் கிறிஸ்டியான் பிர்கலாண்ட் தன் மின்காந்தப் பீரங்கியை இயக்கிக் காட்டினார். ஷார்ட் சர்க்யூட் ஆகி, பெருஞ்சத்தத்தோடு தீப்பிழம்பு சீறியதில் கூட்டம் பதறிப்போனது. பீரங்கி வியாபாரம் அன்றோடு படுத்துவிட்டது.

ஒரு வாரத்தில், விருந்தொன்றில் பிர்கலாண்ட் சாம் ஐடே என்ற பொறியாளரைச் சந்தித்தார். அருவிகளின் உரிமையை வாங்கி வைத்திருந்த ஐடேவுக்கு, காற்றிலுள்ள தழைச்சத்தான நைட்ரஜனைப் பிடிக்க ஒரு பெரிய மின்னல் தேவைப்பட்டது. மானத்தை வாங்கிய தீப்பிழம்பு இங்கே மூலதனமானது.

அப்போது ஐரோப்பிய வயல்கள் தழைச்சத்துக்குச் சிலி வெடியுப்பை நம்பியிருந்தன. அது தீர்ந்தால் கோதுமைக்கு என்ன கதி என்று 1898-இல் வில்லியம் குரூக்ஸ் எச்சரித்திருந்தார். மின்பொறி பட்டால் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேரும் என்பது கேவண்டிஷ் காலத்திலேயே தெரிந்த சங்கதி. ஆனால் நயாகராவில் அதைத் தொழிலாக்க முயன்றவர்கள் 1904-இல் கடையைக் கட்டிவிட்டார்கள்.

பிர்கலாண்டும் ஐடேவும் நார்வேயின் நோட்டோடனில் 1905-இல் இயக்கத் தொடங்கிய ஆலையின் உலைகளில், மின்வில்லை (arc) காந்தப்புலம் வட்டத் தட்டுபோல விரித்தது. சுமார் 3000 டிகிரி வெப்பத்தில் புகுந்து வெளிவந்த காற்றில் நைட்ரிக் ஆக்சைடு தேறியது ஓரிரு சதவீதம்தான். அதையும் சட்டென்று ஆறவைக்காவிட்டால் மறுபடி பிரிந்துவிடும். பிறகு கருங்கல் கோபுரங்களில் வழியும் நீரில் அந்த வாயு கரைந்து நைட்ரிக் அமிலமாகும். சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து கால்சியம் நைட்ரேட் ஆகும். 'நார்வே வெடியுப்பு' என்று விற்றார்கள். இந்தத் தொழிலுக்காகவே அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்ட நார்ஸ்க் ஹைட்ரோவின் உரப்பிரிவுதான் 2004-இல் 'யாரா' ஆனது. அந்தப் பெயர் போட்ட கால்சியம் நைட்ரேட்டை நம் நாட்டு விவசாயிகளும் சொட்டுநீரில் கரைத்து விடுகிறார்கள்.

மின்வில் முறையில் ஒரு டன் நைட்ரிக் அமிலத்துக்குச் சுமார் 15,000 யூனிட் மின்சாரம். அருவி நாட்டுக்குக் கட்டுப்படியானது, மற்றவர்களுக்கு ஆகவில்லை. 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில், குறைந்த ஆற்றலில் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் ஹேபர்-பாஷ் முறை வந்தது. 1920-களின் இறுதியில் நார்ஸ்க் ஹைட்ரோவே அதற்கு மாறியது.

நூறாண்டு கழித்து, நார்வேயின் 'என்2 அப்ளைடு' நிறுவனம் அந்த மின்வில்லைப் பண்ணைக்கே கொண்டுவந்தது. பிளாஸ்மாவில் சுட்ட காற்றை மாட்டுச் சாணக் கரைசலுக்குள் செலுத்துவதுதான் வித்தை. புதிதாகச் சேரும் தழைச்சத்து ஒரு பங்கு. கெட்டிக்காரத்தனம் இன்னொன்றில் இருக்கிறது: கரைசல் புளிப்பேறுவதால், அம்மோனியாவாகப் பறந்துபோகும் தழைச்சத்து உள்ளேயே தங்கிவிடுகிறது. சுண்ணாம்புக்கல்லும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். மின்சாரம் மட்டும் மலிவாகக் கிடைத்தாக வேண்டும். அந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை.