சுவடிக் கட்டும் அதன் பூட்டும்

பழந்தமிழ் நூல்களின் பதிப்பு வரலாற்றை எழுதுவோர் ஏட்டைப் பற்றியும், எழுத்தின் வடிவைப் பற்றியும், பாட வேறுபாட்டைப் பற்றியும் விரித்துரைப்பர். அவ்வேடுகளை ஒருங்கு பிணித்து நின்ற கயிற்றைப் பற்றியோ, அக்கயிறு உருவிப் போகாதவாறு தடுத்த சிறு உறுப்பைப் பற்றியோ ஒரு வரியேனும் எழுதுதல் அரிது. ஓலைச்சுவடி தைத்த நூல் அன்று. தனித்தனி இதழ்களின் தொகுதி. கட்டு உள்ளதுணையும் அது நூல். கட்டு அவிழ்ந்தவழி வெறும் ஓலைக் குவியல். சங்க நூல்கள் சிலவற்றில் இன்று நாம் காணும் குறைகளுள் சில, இக்கட்டின் இயல்பால் நேர்ந்தனவாதல் கூடும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் சுவடிக் கட்டின் அமைப்பை அறிந்துகொள்ளல் வேண்டும். பனையோலை இதழ் பெரும்பாலும் இரண்டு விரல் அகலமும் ஒரு முழம் வரையில் நீளமும் உடையது. தாளிப்பனை என்னும் கூந்தற்பனையின் ஓலை அதனினும் அகன்றது, நீண்டது. ஓலையின் நரம்புகள் நீளவாட்டில் ஓடுதலின், ஓரத்தில் துளையிட்டால் அத்துளை நரம்பின் வழியே கிழிந்து ஓலை பிளந்துபோம். ஆதலால் துளைகளை உட்புறத்தே, இரு முனைகளினின்றும் ஓரளவு தள்ளி இட்டனர். எழுதுவோன் துளையைச் சுற்றிச் சிறிது இடம் விட்டே எழுதுவான். கயிறு உராய்ந்து எழுத்தைத் தேய்க்கும் என்பது அவன் அறிந்தது. (மெய்யெழுத்தின் புள்ளியை ஏட்டில் இடாது விட்டதற்கும் ஓலை பொத்தலாகிவிடும் என்னும் அச்சத்தையே காரணமாகக் கூறுவர். ஓலையின் மென்மை பதிப்பாசிரியர்களுக்கு விளைத்த இடர்களுள் அது தலையாயது. எனினும் அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.)

இருதுளைச் சுவடியில் துளைகள் இரண்டும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. ஒரு துளையில் இரும்புக் கம்பியோ செப்புக் கம்பியோ மூங்கிற் குச்சியோ செருகப்படும். இதற்கு நாராசம் என்று பெயர். மற்றொரு துளையில் கயிறு கோக்கப்படும். அக்கயிற்றின் ஒரு தலைப்பு துளையினுள் உருவிப் போகாதிருத்தற்பொருட்டு, பனையோலையை ஈர்க்கோடு சேர்த்துக் கிளியின் அலகு போலக் கத்தரித்து அத்தலைப்பில் முடிந்து வைப்பர். இவ்வுறுப்பின் பெயர் கிளிமூக்கு. செல்வர் வீட்டுச் சுவடிகளில் ஓலைக்கு மாறாகச் செம்பு, பித்தளை, வெள்ளி ஆகியவற்றாற் செய்த சில்லு இருத்தலும் உண்டு. ஏடுகளின் மேலும் கீழும் மரச்சட்டங்கள் வைக்கப்படும். இவையின்றேல் இறுக்கிய கயிறு வெளியேட்டின் ஓரத்தை அறுத்துவிடும். இவ்வுறுப்புகளின் பெயர்கள் நமக்குத் தெளிவாகக் கிடைத்தமைக்கு டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் நினைவுக் குறிப்புகளுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம்.

நூலைப் படிக்கப் புகுவோன் முதலில் கயிற்றின் சுற்றைத் தளர்த்துவான். பின்னர் நாராசத்தை உருவுவான். நாராசம் நீங்கியதும் ஏடுகள் கயிற்றின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் புரளத் தொடங்கும். கயிறு நீண்டிருப்பதன் பயன் இதுவே. படித்து முடிந்தபின் சட்டங்களை ஒத்துப் பிடித்து, நாராசத்தை மீண்டும் செருகி, எஞ்சிய கயிற்றைப் பலமுறை சுற்றி, அதன் முனையைச் சுற்றுகளின் இடையே செருகிவிடுவான். கயிறு மட்டும் இருப்பின் ஏடுகள் விசிறி போல் விரிந்து சுழலும்; நாராசம் மட்டும் இருப்பின் அதை உருவிய மாத்திரத்தே ஏடுகள் சிதறும். ஒன்று அசையாமற் பிடிக்க, மற்றொன்று அசைய இடம் தந்தது. சுவடி பத்து ஏடாயினும் முந்நூறு ஏடாயினும் கயிற்றுக்கு வேறுபாடில்லை. தடிப்பிற்கேற்பச் சுற்றின் எண்ணிக்கை கூடும், குறையும். இடையில் ஓர் ஏட்டைப் புதிதாகச் சேர்க்கவும் முறிந்த ஏட்டை நீக்கி மாற்றேடு வைக்கவும் இயலும்.

சொற்களும் சில செய்திகளை உணர்த்துகின்றன. நாராசம் என்பது இரும்பு அம்பைக் குறிக்கும் வடசொல்லின் திரிபு. செவிக்கு இன்னாத சொல்லைக் கேட்டவர், நாராசம் காய்ச்சிச் செவியில் விட்டாற்போன்றது என்பர். அவ்வழக்கில் வரும் நாராசமும் சுவடியில் இருக்கும் நாராசமும் இரும்புக் கோலையே குறிப்பன என்பதை இன்று நினைப்பார் இலர். நூலைக் குறிக்கும் கிரந்தம் என்னும் வடசொல்லும் கட்டுதல், முடிதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. இதனைக் கொண்டு, தமிழில் நூல் என்னும் சொல்லும் சுவடிக் கயிற்றினால் வந்தது எனச் சிலர் கூற விழையலாம். அது பொருந்தாது. நன்னூலார் நூலுக்குக் கூறும் உவமை பஞ்சினை நூலாக நூற்றலைப் பற்றியதேயன்றிக் கட்டுதலைப் பற்றியதன்று. ஆயின் அகநானூற்றின் மூன்று பகுதிகளுக்கு அமைந்த பெயர்கள் கருதத்தக்கன. முதல் 120 பாட்டும் களிற்றியானைநிரை; 121 முதல் 300 வரை மணிமிடைபவளம்; எஞ்சிய நூறும் நித்திலக்கோவை. நிரைத்தலும் இடையிட்டு வைத்தலும் கோத்தலுமாகிய வினைகள் இப்பெயர்களில் அமைந்துள்ளன. நாள்தோறும் ஏடு கோத்த கையினர் இட்ட பெயர்கள் இவை என்று எண்ணுதல் மிகையாகாது.

இம்முறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இலங்கைச் சிங்களச் சுவடிகளில் கயிற்றின் தலைப்பில் தந்தத்தாலோ உலோகத்தாலோ ஆகிய அழகிய குமிழ் இருக்கும். நம் கிளிமூக்கின் தொழிலையே அது செய்வது. பர்மாவில் இரு துளைகளிலும் மூங்கிற் குச்சி செருகி, சுவடியின் மேல் நெய்த நாடாவைச் சுற்றினர். ஏட்டை எழுதுவித்துக் கொடுத்தோரின் பெயரும் வேண்டுதலும் அந்நாடாவிலேயே எழுத்தாக நெய்யப்பட்டிருத்தல் உண்டு. மேனாட்டார் தனித்தாள்களைத் துளையிட்டுக் கோக்கும் கோப்பினை மிகப் பின்னரே வளர்த்தனர். ஜெர்மனியில் பான் நகரத்து பிரீட்ரிக் சென்னெக்கன் 1886இல் துளைக்கருவியையும் கோப்பையும் செய்தார். ஸ்டுட்கார்ட் நகரத்து லூயி லைட்ஸ் 1896இல் நெம்புகோலால் திறந்து மூடும் பூட்டினை அமைத்தார். இன்றைய அலுவலகக் கோப்புகளுள் பெரும்பகுதி அவ்வழியில் வந்தவை. அவற்றிலும் துளை இரண்டே என்பது வியப்புக்குரியது. ஆனால் அதனைக் கொண்டு இருமுறைகளுக்கும் உறவு கற்பித்தல் வேண்டா.

எம்முறையாயினும் இத்தகைய பூட்டுக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. அது ஏட்டைக் காக்கும். ஏட்டின் வரிசையைக் காவாது. அவிழ்த்துக் கோக்கும்போது ஓர் ஏடு இடம் மாறினாலும், ஓர் ஏடு விடுபட்டாலும், நாராசம் முன்போலவே செவ்விதின் நுழையும். பழந்தமிழ்த் தொகுப்பாசிரியர்கள் ஏடுகளின் இக்குறையை எண்ணித்தான் செய்தனரோ, செய்தவை இதற்கும் பயன்பட்டனவோ அறியோம். நூலினுள்ளேயே வேறு பூட்டுகள் உள. ஐங்குறுநூற்றின் தொண்டிப்பத்தும் பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தும் அந்தாதியாய் அமைந்தவை. ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாய் வருதலின், அங்கே ஏடு மாறினால் உடனே புலப்படும். பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் நிற்கும் பதிகம் அப்பத்திலுள்ள பாட்டுகளின் பெயர்களை எண்ணி உரைக்கின்றது. அகநானூற்றில் ஒற்றைப்பட்ட எண்ணுடையன எல்லாம் பாலை. இரண்டும் எட்டும் இறுதியாகிய எண்ணுடையன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்தாவது தோறும் வருவன நெய்தல். சிதறிய அகநானூற்று ஏடு ஒன்று கையிற் கிடைத்தால், அதன் திணையைக் கொண்டே அது நிற்றற்குரிய இடத்தை ஓரளவு வரையறுக்கலாம். கயிற்றினும் வலிய பூட்டு இது.

இனி, இழப்புகளை நோக்குவோம். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைத்தில. 1904இல் சாமிநாதையர் அதனை வெளியிட்டபோது இருந்த நிலையே இன்றும் உள்ளது. உரைகளிலும் புறத்திரட்டிலும் காணும் சில பாட்டுகளை அவ்விரு பத்துகளுக்கு உரியவையாகக் கருதுவர். இவ்விழப்புக்கு வேறு காரணம் தேடவேண்டா. மேற்சட்டத்தை அடுத்தும் கீழ்ச்சட்டத்தை அடுத்தும் இருக்கும் ஏடுகளே முதலில் தேய்வன, பூச்சிக்கு இரையாவன. இருபுறமும் ஒத்த அளவில் இழந்த ஒரு மூலச்சுவடியினின்றே நம் படிகள் எல்லாம் வந்தன என்பது பொருத்தமுடையது. ஐங்குறுநூற்றில் மறைந்த 129, 130 ஆகிய இரண்டும் அடுத்தடுத்த சிறு பாட்டுகள். ஓர் ஏட்டின் பகுதி முறிந்தமையே அதற்குப் போதும்.

புறநானூற்றின் நிலை இவ்வாறு எளிதன்று. அந்நூலின் பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. முழுதும் மறைந்த பாட்டுகள் 267, 268. உரை நின்ற இடத்தை அடுத்தே மூலமும் இரு பாட்டு அளவில் அற்றுப்போயிருத்தலைத் தற்செயல் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. உரையொடு கூடிய நூல் பருமன் மிகுதலின் இரண்டு கட்டுகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருத்தல் கூடும். முதற்கட்டு எஞ்ச, இரண்டாம் கட்டு அழிந்த பின்னர், அதனை நிறைவு செய்ய விரும்பிய ஒருவர் மூலம் மட்டும் எழுதிய வேறொரு சுவடியின் பிற்பகுதியைக் கொணர்ந்து சேர்த்திருப்பின், இணைப்பிடத்தில் ஓர் ஏடு குறைந்திருத்தல் இயல்பே. முதலில் அவ்வேடு அப்பிற்பகுதிக்கு மேலேடாய் நின்று தேய்ந்தும் இருக்கலாம். இதனை முடிந்த முடிபாகக் கூறவில்லை. 1894இல் வெளிவந்த முதற்பதிப்புக்குப் பயன்பட்ட படிகளின் தொடர்பை ஆராய்வோர் இதனையும் கருதுதல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இரு வேறு சுவடிகளின் ஏடுகளை ஒரே கயிற்றில் கோத்துவிட்டால், அடுத்துப் படியெடுப்பவனுக்கு அது ஒரே நூலாகவே தோன்றும். அவன் எழுதிய புதுச்சுவடியிலோ இணைப்பின் வடுவும் இராது.

இதற்கு மறுதலையாக, கட்டவிழ்ந்த ஏடுகளே நூலைக் காத்த செய்தியும் உண்டு. பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்த சாமிநாதையர், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் மலர்களை அடுக்கிக் கூறும் பகுதி தம் படிகளில் சிதைந்திருத்தல் கண்டு வருந்தினார். விடுபட்ட அடிகள் தருமபுர ஆதீனத்தில், எந்த நூலைச் சார்ந்தவை என்று அறியப்படாது கிடந்த ஒற்றை ஏடுகளின் இடையே அவருக்குக் கிடைத்தன. அந்நிகழ்ச்சியைப் பற்றிய கட்டுரைக்கு அவர் 'உதிர்ந்த மலர்கள்' என்று பெயரிட்டார். உதிர்ந்தவை மலர்களேயன்றி ஏடுகளுமாம். கலித்தொகையை 1887இல் வெளியிட்ட சி. வை. தாமோதரம் பிள்ளையோ, கட்டை அவிழ்ப்பதே ஏட்டுக்கு இறுதியாய் முடியும் அவலத்தைத் தம் பதிப்புரையில் நெஞ்சுருக எழுதியுள்ளார். இறுக்கிக் கட்டிய கயிறு ஒரு நூற்றாண்டு காத்தது. அவிழ்த்த கை ஒரு நாழிகையில் அழித்தது.

சுவடி நூலகங்களின் விளக்க அட்டவணைகள் ஏட்டின் நீள அகலம், ஏட்டின் தொகை, பக்கத்திற்கு வரிகள் இத்துணை, எழுத்து இன்னது, நிலை இன்னது என்பனவற்றைக் குறிக்கின்றன. துளைகளின் இடம், அவை எல்லா ஏடுகளிலும் நேரொத்து நிற்கின்றனவா என்பது, கயிறு, நாராசம் ஆகியவை பற்றிய குறிப்பு பெரும்பாலும் இராது. துளைகள் நேர்நில்லாத ஓர் ஏடு பிறிதொரு சுவடியினின்று வந்தது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டா. நாராசத்தின் நீளமும் ஒரு சான்றே. அது சுவடியின் தடிப்பினும் சற்றே மிகும்படி நறுக்கப்படும். இன்று அது இரண்டு விரல் வெளியே நீண்டு நிற்குமாயின், அவ்வளவு ஏடுகள் அச்சுவடியினின்று நீங்கின என்று கொள்ளலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சுவடிச் சாலைக்குச் சென்றிருந்தேன். அங்கே ஏடுகளுக்குத் தைலம் பூசித் தூய்மை செய்து, பழங்கயிறுகளைக் களைந்துவிட்டு, வெண்ணிற நாடாவால் அழகுறக் கட்டி அடுக்கியிருந்தனர். நன்முயற்சியே. நாராசங்கள் எங்கே என வினவினேன். அங்கிருந்த பணியாளர் ஒரு தகரப் பெட்டியைக் கொணர்ந்து திறந்து காட்டினார். இரும்பும் செம்பும் மூங்கிலுமாக, குறியவும் நெடியவும் ஒருங்கு கலந்து கிடந்தன. எது எச்சுவடிக்கு உரியது என்று அவராலும் சொல்ல இயலவில்லை.