மலாய்த் திரையில் இந்தியர் பங்கு: பெருமையும் குறையும்

மலாய்த் திரைப்படம் என்றவுடன் நம் மாணவர்களுக்கு நினைவில் எழும் பெயர் பி. ரம்லி. அது தகுதியான பெயரே. ஆனால், அவரை நடிக்க வைத்த இயக்குநர்கள் யாவர் என வினவினால் வகுப்பில் மௌனமே நிலவுகிறது. இம்மௌனம் எனக்குக் கவலையளிக்கிறது.

1934இல் சிங்கப்பூரில் உருவான ‘லைலா மஜ்னுன்’ மலாய் மொழியின் முதல் பேசும்படமாகக் கருதப்படுகிறது. இதனை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ். போருக்குப் பின் ஷா சகோதரர்கள் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் சாலையில் படப்பிடிப்புக் கூடம் நடத்தியபோதும் இயக்குநர்களை இந்தியாவிலிருந்தே வரவழைத்தனர். நடிகர்களுள் பலர் பங்சாவான் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். பினாங்கைச் சேர்ந்த ரம்லியை 1948இல் திரைக்கு அழைத்து வந்தவரும் ராஜ்ஹன்ஸ்தான். 1950இல் ‘பக்தி’ படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர்.

இது பெருமைக்குரிய செய்தி. எனினும், பெருமையோடு நின்றுவிடுதல் வரலாறாகாது. அக்காலப் படங்கள் பலவற்றை இன்று காணும்போது ஏழைக் காதலன், செல்வர் மகள், சூழ்ச்சிக்காரன், இடையிடையே பாடல்கள் என இந்தியப் படங்களின் அச்சே தென்படுகிறது. உடையும் மொழியும் மலாய். உணர்ச்சியை வெளிப்படுத்தும் முறையோ பம்பாயும் சென்னையும். மலாய் மக்களின் வாழ்வும் வழக்காறும் இப்படங்களில் இல்லை என அக்கால மலாய் எழுத்தாளர்கள் குறை கூறினர். அக்குறை நியாயமானது என்பதே என் கருத்து.

1955இல் ரம்லி முதன்முதலாக இயக்கிய ‘பெனாரெக் பெச்சா’ இதற்கு விடை கூறியது. அப்போது அவருக்கு வயது 26. முச்சக்கரவண்டி ஓட்டும் ஏழை இளைஞன் செல்வர் மகளை நேசிக்கும் அதே பழைய கதைதான். ஆயினும் அவனுடைய உழைப்பும், வறுமையிலும் அவன் விட்டுக்கொடுக்காத தன்மானமும், செல்வரின் செருக்கும் அம்மண்ணுக்கே உரியனவாக அமைந்தன. இந்திய இயக்குநர்களிடம் தொழில் கற்றவர், அவர்களால் காட்ட இயலாத வாழ்வைத் திரையில் காட்டினார். ஆசிரியன் என்ற முறையில் இதனை அவ்வியக்குநர்களின் தோல்வியாக நான் கருதவில்லை. தம்மை விஞ்சும் மாணவனை உருவாக்கியதே அவர்களின் சாதனை.

நம்மவருள் சிலர் அவ்வியக்குநர்கள் அனைவரையும் தமிழர் என்றே பேசுகின்றனர். 1956இல் ‘ஹங் துவா’ படத்தை இயக்கிய பானி மஜும்தார் வங்காளி என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். இல்லாத உரிமையைக் கோரினால், உள்ள உரிமையும் ஐயத்திற்கு இடமாகும். கிருஷ்ணன் போன்றோரின் உண்மையான பங்கே நம் பிள்ளைகளுக்குப் போதுமானது.

கிருஷ்ணன் 2023இல் மறைந்தார். அவர் பெயரை நம் மாணவர் எத்தனை பேர் அறிவர்? பெற்றோர்களே, ‘பக்தி’யையும் ‘பெனாரெக் பெச்சா’வையும் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். எது கற்றது, எது சொந்தமானது என அவர்களையே சொல்லச் செய்யுங்கள்.